புளியில் ஊறிய முகம்

கலியாணம் கட்டிய முப்பத்தொரு வருசத்தில் செபமாலைமுத்து தானாக எழும்பிப் போய் ஒரு சாமானைக் கழுவியது அன்றைக்குத்தான். கழுவாமலே இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை பின்னேரம். அவருடைய மனிசி இம்மாகுலேற், கோவிலில் ஆராதனை முடித்து, இல்பேட் கடையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, லண்டன் செவன் கிங்ஸ் வீட்டுக் கதவைத் திறந்தபோது மனிசன் குசினியில் சிரித்துக்கொண்டு நின்றார். சும்மா சிரிக்கிற ஆளில்லை அவர்.

“இம்மா, உன்ர வேலையில பாதி முடிச்சு வச்சிருக்கிறன். வந்து பார்.”

சிங்குக்குப் பக்கத்தில் மீன் கழுவுகிற எவர்சில்வர் கோப்பை. கோப்பைக்குள் சாம்பாருக்குக் கரைக்கிறதைப்போல இரண்டு மடங்கு கெட்டியாகக் கரைத்த பழப்புளி. புளிக்குள்ளே சட்டையில் குத்துகிற ஒரு புரோச்.

மீன் பை கையிலிருந்து விழுந்தது. அவள் புளிக்குள் கையை விட்டு அதை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். சுற்றியிருந்த பித்தளைச் சட்டம் பொன்னாக மினுங்கியது. நடுவிலே இருந்த பெண்ணைத்தான் காணவில்லை. காலையில் சுருள்முடியும் நெற்றியும் மூக்குமாக இருந்தவள், இப்போது சுண்ணாம்பு பூசிய ஒரு வீக்கமாக இருந்தாள்.

“என்ன செய்தனீங்கள்?”

“சட்டம் கறுத்துப் போய்க் கிடந்தது. நான் சின்னனில பேசாலைக் கோவிலில திருநாளுக்கு முதல் மெழுகுதிரிக் கால் எல்லாம் புளியிலதானே மினுக்கினனான். மூண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, பிறகு சட்டி தேய்க்கிற பச்சைக் கம்பியாலயும் ஒரு தேய் தேய்ச்சனான். நல்லா நுரைச்சது. அழுக்குப் போகுது எண்டு நினைச்சன்.”

“அழுக்கில்லை. அவளின்ர மூக்குப் போச்சு.”

சொல்லிவிட்டு அவள் ஈர நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். மீன் பை பக்கத்தில் கிடந்தது.

அது கமியோ. சங்கு ஓட்டில் செதுக்கிய முகம். பெரிய சில சங்குகளின் ஓடு மேலே வெள்ளை, கீழே மண்ணிறம் என்று இரண்டு தட்டாக இருக்கும். வெள்ளையில் முகத்தை வெட்டி, சுற்றிவர உள்ள வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டால், மண்ணிற நிலத்தில் ஒரு வெள்ளைப் பெண் பக்கவாட்டில் திரும்பி நிற்பாள். சங்கு ஓடு என்பது சுண்ணாம்புதான். சுண்ணாம்பில் புளி பட்டால் நுரைத்துக் கரையும் என்று இந்த வேலை பழகின எவருக்கும் தெரியும். மெழுகுதிரிக் கால் மினுக்கின பொடியனுக்குத் தெரியவில்லை.

சங்கு செதுக்குகிற இந்த வேலைக்கு இம்மாகுலேற் வந்தது விளக்குமாற்றோடு. பதினைந்து வருசத்துக்கு முதல் இஸ்லிங்ரனில் பழைய நகை திருத்துகிற ஒரு சின்னக் கடைக்குக் கூட்டித் துடைக்கப் போனாள். கடைக்காரர் மிஸ்டர் பெல்லமி ஜன்னலடியில் இருந்து சங்கு செதுக்குவார். மேசைக்குக் கீழே மாவாக விழுகிற வெள்ளைத் தூசியைக் கூட்டுவதுதான் அவளுடைய வேலை. கூட்டுகிற நேரம் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒருநாள், “இந்தத் துண்டில் கன்னத்தடியில் வெள்ளை மெலிந்திருக்கிறது, இன்னும் வெட்டினால் பழுப்புத் தெரியும்” என்று தன்னுடைய இங்கிலீசில் சொல்லிவிட்டாள். அவர் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கழிவுத் துண்டு இரண்டும் ஒரு பழைய உளியும் தந்தார். மீன் செதிலும் நண்டு ஓடும் கண்ட கை, பிடித்துக்கொண்டது.

அந்த நாளில் கமியோ விக்கிற சாமானில்லை. விக்ரோரியா மகாராணி காலத்தில் இத்தாலிக்குச் சுற்றப் போன சீமாட்டிகள் வாங்கி வந்து, ஊரெல்லாம் அதைக் கழுத்தில் குத்தித் திரிந்தார்களாம். பிறகு அது கிழவிகளின் அலுமாரிக்குள் போய்விட்டது. இப்போது என்ன பிசாசு பிடித்ததோ, போனில் யாரோ போட்டதைப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பெட்டைகள் கறுப்பு ரிபனில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். வேலைக்குப் பெல்லமியின் இரண்டு கை காணாது. ஜன்னலடியில் இரண்டாவது கதிரை வந்தது. நாலு வருசத்துக்கு முதல் கடைக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு ஒன்றும் அவளுடைய கைப்பைக்குள் வந்தது.

அந்தத் திறப்பு அவளுக்குப் பெரிய விசயம். வீட்டுத் திறப்பு மனிசனுடையது, கார்த் திறப்பு மருமகனுடையது. லண்டன் வந்த நாளிலிருந்து அவள் ஒபிஸ் துடைத்தாள், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டாள், மகள் றூபினியை வளர்த்தாள், மனிசனின் பைபாஸ் ஒப்பரேசனுக்குப் பிறகு அவரையும் வளர்த்தாள். “இது நான்” என்று சொல்ல அவளுக்கு இருந்தது அந்தக் கதிரை ஒன்றுதான். தான் செதுக்குகிற பெண்களைப் பற்றிக்கூட அவளுக்கு ஒரு பகிடி இருந்தது. “எல்லாரும் புருசனோட கோவிச்சுக்கொண்டு அங்கால திரும்பி நிக்கினம் பார்.”

கடையில் ஒரேயொரு கட்டுப்பாடு. ஆட்களின் சாமான் கடைக்கு வெளியே போகக்கூடாது. அதை அவள் மீறிவிட்டாள். வியாழக்கிழமை செபமாலைமுத்துவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகக் கடையிலிருந்து வேளைக்கே வெளிக்கிட வேண்டியிருந்தது. புரோச்சின் ஊசி மாற்றி முடிந்தது. ஓட்டுக்கு ஒலிவ் எண்ணெய் தடவித் துடைக்கிற வேலை மட்டும் மிச்சம். ஐந்து நிமிச வேலை, வீட்டில் செய்யலாம் என்று கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து, குசினி மேசையில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள்.

புரோச்சின் சொந்தக்காரி மிஸிஸ் டோறதி. எண்பத்தெட்டு வயது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு எடுக்க வருவாள். திங்கட்கிழமை அவளுக்கு இருதய வால்வு ஒப்பரேசன்.

“மயக்க ஊசி போடும்வரைக்கும் இது என் கையில் இருக்க வேண்டும்” என்று சாமானைத் தந்த அன்றைக்கே அவள் சொல்லியிருந்தாள். “அம்மாவினுடையது. லண்டனில் ஜேர்மன்காரன் குண்டு போட்ட காலத்தில் சுரங்க ரயில் ஸ்ரேசனில் படுப்போம். நான் அழாமல் இருக்க அம்மா இதைக் கையில் தருவா. நான் இந்தப் பெண்ணின் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். பாருங்கள், மூக்கு எப்படிச் சப்பையாகிவிட்டது என்று.”

பெருவிரலை அதில் வைத்தும் காட்டினாள். மூக்கு வழுவழு என்று அந்த விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. இம்மாகுலேற்றுக்கும் ஊரில் குண்டுக்கு ஒளிந்த பங்கர் தெரியும். பங்கருக்குள்ளே செபமாலையின் ஒரே மணியை உருட்டிக்கொண்டு இருந்த விரல் அவளுக்கும் உண்டு. ஆனால் அதைப்பற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவள். “எல்லாரும் படுக்க இடம் காணுமோ?” என்று மட்டும் கேட்டாள். “காணாது” என்றாள் டோறதி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இம்மாகுலேற் பெல்லமிக்குப் போன் எடுத்துக் காய்ச்சல் என்றாள். பதினைந்து வருசத்தில் முதல் பொய். பிறகு மகள் றூபினி, தகப்பன் சொல்லக் கேட்டு, மோர்டனிலிருந்து போன் எடுத்தாள்.

“அம்மா, ஜஸ்ற் அவருக்குச் சொல்லுங்கோ. கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கும்தானே?”

“இன்சூரன்ஸ்காரன் மூக்குத் தருவானோடி?”

“அப்ப என்ன செய்யப் போறீங்கள்?”

“இன்னொருத்தியைச் செய்யப் போறன்.”

“அம்மா, தட்ஸ் சீற்றிங். ஏமாத்து வேலை.”

“போனை வை. எனக்கு வெளிச்சம் போகுது.”

கமியோ லைற்றில் வெட்டுகிற வேலை அல்ல. மின்சார வெளிச்சத்தில் வெள்ளையின் தடிப்புப் பிடிபடாது. நவம்பர் மாதம், எட்டு மணிக்கு முதல் வெளிச்சமில்லை, நாலு மணிக்குப் பிறகும் இல்லை. எட்டு மணித்தியாலத்தில் ஒரு முகம். கடையில் அதற்கு அவள் நாலு நாள் எடுப்பாள்.

வீட்டில் அவளுடைய சொந்தச் சங்குத் துண்டு இரண்டு இருந்தன. முதலாவதைக் கறுப்பு மெழுகு உருக்கி ஒரு மரப்பிடியில் ஒட்டி, குசினி ஜன்னலடியில் குந்தினாள். சாமான் வந்த அன்றைக்குப் பெல்லமி போனில் எடுத்த படம் அவளுடைய போனிலும் இருந்தது. அதைத் தேயிலை ரின்னில் சாத்தி வைத்தாள். நெற்றி வந்தது. முடியின் முதல் சுருள் வந்தது. அவசரம், கை வழக்கத்தைவிட அழுத்தியது. பத்தரை மணிக்கு ‘டிக்’ என்றொரு சத்தம். உச்சியிலிருந்து நாடிவரைக்கும் ஒரு மயிரிழை வெடிப்பு.

அவள் அழவில்லை. துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை ஒட்டினாள்.

செபமாலைமுத்து கதவடியில் நின்றார். இரவு முழுக்க அவரும் படுக்கவில்லை.

“இம்மா, ரீ போடட்டோ?”

“ஒண்டையும் தொடாதேங்கோ.”

“நான் அந்த ஆளிட்டப் போய் என்ர பிழை எண்டு சொல்லுறன்.”

“உங்கட பிழை புளி. கொண்டுவந்தது என்ர பிழை. அதை எப்பிடி நீங்கள் போய்ச் சொல்லுவியள்? தள்ளி நில்லுங்கோ, நிழல் விழுது.”

அவர் தள்ளி நின்றார். சாப்பிடவும் போகவில்லை, போய் இருக்கவும் இல்லை. மகன் அடி வாங்கப் போகிறான் என்று தெரிந்தும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி நின்றார்.

இரண்டு மணிக்கு மூக்கு. மூன்று மணிக்கு உதடு. மூன்றே முக்காலுக்கு அவள் உளியைக் கீழே வைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. முகம் அச்சுக் குத்தினது போல இருந்தது. ஆனால் புதுமுகம். மூக்கு நுனி குத்துகிறது, சுருளெல்லாம் வெட்டின வெட்டாக நிற்கிறது. எண்பது வருசம் ஒரு பிள்ளை தேய்த்த முகம் இதில்லை. டோறதி விரல் வைத்த அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் தன்னுடைய பெருவிரலால் தேய்த்தாள். துணியால் தேய்த்தாள். “தாருமப்பா, என்ர விரல் சொரசொரப்பு” என்று மனிசன் வாங்கித் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. எண்பது வருசத்தைக் கால் மணித்தியாலத்தில் தேய்க்க எவருக்கும் ஏலாது.

அப்போதுதான் சிங்கடியில் கோப்பை கண்ணில் பட்டது. புளி அதற்குள் இன்னும் இருந்தது. கொட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

காது துடைக்கிற பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்துப் புளியில் தோய்த்து, மூக்கு நுனியில் வைத்தாள். சின்னதாக நுரைத்தது. பத்து எண்ணினாள். கழுவினாள். திரும்ப வைத்தாள். நெற்றிக்கு ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒரு இழுப்பு, சுருளுக்கு மேலால் ஒரு தடவல். பிறகு எண்ணெய் போட்டு ஒத்தினாள். விரலை வைத்துப் பார்த்தாள். வழுவழு என்று விரல் போய்ப் பள்ளத்தில் இருந்தது.

“அதேதான்,” என்றார் செபமாலைமுத்து மெதுவாக. “இம்மா, அதேதான்.”

அவளுக்கு அதைக் கேட்க அருவருப்பாக இருந்தது. எதில் கெட்டதோ அதிலேயே செய்தாயிற்று. பழைய சங்கைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்தாள், புதியதை வைத்து விளிம்பை அமத்தினாள். பழையதை எறியத்தான் குப்பை வாளியைத் திறந்தாள். மேலே மீன் செதில் கிடந்தது. மூடிவிட்டு, ரிசுக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டோறதி தடியூன்றிக்கொண்டு வந்தாள். பெல்லமி கதிரை இழுத்துப் போட்டார். “காய்ச்சல் எப்படி?” என்று இம்மாகுலேற்றைக் கேட்டார். “பரவாயில்லை” என்றாள். இரண்டாவது பொய்.

புரோச்சைச் சின்ன வெல்வெற் தட்டில் வைத்துக் கொடுத்தாள். டோறதி கண்ணாடியைப் போடவும் இல்லை. பெருவிரல் நேரே மூக்குக்குப் போனது. போய் இருந்தது.

“சட்டம் எவ்வளவு துப்புரவாய் இருக்கிறது!” என்றாள் டோறதி. விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. “இனிப் பயமில்லை.”

முடிந்தது. அவ்வளவுதான். ஒருவருக்கும் தெரியவில்லை. கதிரை தப்பியது, திறப்புத் தப்பியது. கிழவி பைக்குள் வைக்கப் போகிறாள், போகப் போகிறாள்.

டோறதி புரோச்சைத் திருப்பினாள்.

“இதன் முதுகில் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. ஸ்ரேசனில் படுத்திருந்தபோது கொண்டை ஊசியால் கீறினேன். அம்மா கன்னத்தில் ஒன்று போட்டா. இப்போது என் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பாருங்கள் பிள்ளை. துப்புரவாக்கியதில் அழிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?”

நீட்டினாள்.

இம்மாகுலேற் கையில் வாங்கினாள். புதுச் சங்கின் முதுகு, பீங்கான் மாதிரி வழுவழுவென்று. முகத்தைச் செதுக்குகிற அவசரத்தில் அவள் முதுகைத் திருப்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் கீறியிருப்பாள், அதுவும் அவளுக்குத் தெரியும். இப்போது ஒரு “ஓம்” போதும். கிழவிக்குக் கண் தெரியாது. பெல்லமி அங்கே பில் எழுதிக்கொண்டு நிற்கிறார். இதுவரைக்கும் அவள் செய்ததெல்லாம் கையால் செய்தது. இது வாயால் சொல்லவேண்டியது. அதுவும் திங்கட்கிழமை கத்திக்குப் போகிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து.

வாய் வரவில்லை.

கைப்பையைத் திறந்தாள். ரிசுவைப் பிரித்தாள். முகமில்லாத அந்தச் சங்கை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். முதுகு மங்கிப் போயிருந்தது. ஆனால் ஓரத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் கோணல் கீறலில், எழுத்து நின்றது.

“இருக்கிறது,” என்றாள். “ஆனால் இதில்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோனது, மனிசன், புளி, காய்ச்சல், பஞ்சுக் குச்சி. அவளுடைய இங்கிலீசு இடையில் உடைந்தது. உடைந்த இடத்தில் நிற்காமல் சொல்லி முடித்தாள். பெல்லமியின் பேனை நின்றுவிட்டது.

டோறதி இரண்டு கையிலும் இரண்டையும் வாங்கினாள். பழையதில் விரலை வைத்தாள். விரல் அங்குமிங்கும் தேடியது, பிடிக்க ஒன்றும் இல்லை.

“வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்,” என்றாள். “உன்னோடு கோபிக்க எனக்கு நாலு நாள் இருந்திருக்கும். இப்போது இரண்டு நாள்தான் இருக்கிறது.”

டோறதி பழையதை மேலே வைத்து இரண்டையும் நீட்டினாள்.

“இதைத் திரும்பச் சட்டத்தில் போடு. அம்மா தொட்டது இது.”

இம்மாகுலேற் ஜன்னலடியில் போய்த் தன் கதிரையில் இருந்தாள். புதியதை நெம்பி எடுத்துவிட்டு, பழையதை வைத்து, விளிம்பைச் சுற்றிவர அமத்தினாள். பதினைந்து வருசத்தில் அவ்வளவு கவனமாக ஒன்றும் செய்ததில்லை. டோறதி வாங்கினாள். நன்றி சொல்லவில்லை. கதவடியில் மட்டும் நின்று, “உன் புருசனிடம் சொல், சட்டம் நன்றாக மினுங்குகிறது என்று” என்றாள். அது திட்டா, மன்னிப்பா என்று இம்மாகுலேற்றுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கதவு மூடியது. பெல்லமி கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு புது முகத்தைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மூக்கைக் கனநேரம் பார்த்தார்.

“நான் ஏமாந்திருப்பேன்,” என்றார்.

அவள் ஏதோ நல்ல சொல் என்று நிமிர்ந்தாள்.

“அதுதான் பிரச்சினை, இம்மா. ஆட்கள் தங்கள் தாயின் சாமானை என்னிடம் தந்துவிட்டுப் போகிறார்கள். திரும்பக் கொடுக்கிறது அதுதான் என்று நான் இனி எப்படிச் சொல்வேன்?”

சரியான கேள்வி. அவளென்றாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து வெல்வெற் தட்டில் வைத்தாள். அவர் உடனே எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் வந்த பிறகுதான், மேசை லாச்சியை இழுத்துத் திறப்பை உள்ளே போடுகிற சத்தம் கேட்டது.

“உன்னுடைய உளிகள்,” என்று கூப்பிட்டார். சுருட்டிய தோல் பையையும் அந்தப் புது முகத்தையும் கொண்டுவந்து கையில் வைத்தார். “இது உன்னுடையதுதான்.”

எலிசபெத் லைன் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. எதிரே ஒரு பெட்டை, கழுத்தில் கறுப்பு ரிபன், ரிபனில் ஒரு கமியோ. பிளாஸ்ரிக். அச்சில் வார்த்தது. இம்மாகுலேற் அதையே பார்த்தாள். மூக்கு நுனி குத்திக்கொண்டு நின்றது.

வீட்டில் செபமாலைமுத்து கோட்டோடு சோபாவில் இருந்தார். போய்ப் பெல்லமியிடம் சொல்லுவோம் என்று வெளிக்கிட்டவர், எங்கே இறங்குவது என்று தெரியாமல் அப்படியே இருந்துவிட்டார்போல.

“என்னவாம்?”

“திறப்பைக் குடுத்திட்டன்.”

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடினார். “ஏன் இம்மா சொன்னனீ? அதே முகம்தானே. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“எனக்குத் தெரியும்தானே.”

“இனி என்ன செய்யப் போறாய்?”

“எனக்கெண்டால் தெரியாது.”

அவள் உளிப் பையைக் குசினி மேசையில் வைத்தாள். ஒரு மணிதான். ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது, நாலு மணிவரைக்கும் இருக்கும். அவள் கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு இருந்தாள். பையை அவிழ்க்கவில்லை. புது முகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெருவிரலால் அந்த மூக்கைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ஒப்பரேசன் என்று கேட்கவில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது.

சிங்கடியில் தண்ணீர் திறக்கிற சத்தம். மனிசன் அந்தக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தார்.

“இம்மா,” என்றார் பயந்து பயந்து, “இதை என்னத்தால கழுவுறது?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“சவுக்காரத்தால,” என்றாள். “வெறும் சவுக்காரத்தால.”